ஹெட்ஃபோனைக் கழட்டின பிறகு: அஞ்சு பேர், எட்டு சேனல், ஒரு ஜாஸ் ஆல்பம்

நாங்க அஞ்சு பேர். ட்ரம்பெட், டெனர் சாக்ஸ், பியானோ, டபுள் பேஸ், டிரம்ஸ். யாருக்கும் இது தொழில் கிடையாது, வாரத்துல ஒரு ராத்திரி வேலை முடிச்சு வந்து சேர்ந்து வாசிக்கறோம், இப்படியே ஆறு வருஷம் ஓடிடுச்சு. பேஸ் வாசிக்கறது நான், ரெக்கார்டிங், மிக்ஸிங் ரெண்டும் என் பொறுப்பு. போன வருஷம் ஒரு ஆல்பம் பண்ணி நாங்களே வெளியிட்டோம். ஏழு டிராக், 43 நிமிஷம். முதல் மைக் வெச்ச நாள்ல இருந்து ரிலீஸ் வரைக்கும் பதினாலு மாசம் ஆச்சு, அதுல உண்மையா உக்காந்து வாசிச்சது நாலரை நாள்தான். மிச்ச நாளெல்லாம் எங்க போச்சு, எந்த முடிவு எங்களை எங்க கொண்டு போய் விட்டுச்சுன்னு இங்க எழுதறேன். ஏன்னா சொந்தமா ரெக்கார்ட் பண்றதப் பத்தி கிடைக்கற ஆலோசனைல முக்கால்வாசி, ஒவ்வொரு வாத்தியமா தனித்தனியா வாசிச்சு அடுக்கிக்கிட்டே போற பாட்டுக்கானது. நாங்க அத நம்பித்தான் ஆரம்பிச்சோம், ரெண்டு நாள் முழுசா வீணாச்சு.

முதல் வார இறுதி

திட்டம் இதுதான். ஒரு வாத்தியத்தோட சத்தம் இன்னொன்னோட மைக்குல விழக்கூடாது, அப்பத்தான் பிறகு யார் தப்பு பண்ணியிருந்தாலும் அதை மட்டும் எடுத்துட்டுத் திருத்தலாம். சாக்ஸும் ட்ரம்பெட்டும் பக்கத்து அறைகள்ல, டிரம்ஸைச் சுத்தி மெத்தை, பேஸுக்கு மைக்கே வேணாம், பிக்கப்ல இருந்து நேரா டிஐ, அதாவது மைக் இல்லாம கேபிள் வழியாவே பதிவு. எல்லாருக்கும் ஹெட்ஃபோன், காதுல டெம்போ காட்டற க்ளிக். ஒவ்வொருத்தர் கையிலயும் சின்ன ஹெட்ஃபோன் மிக்ஸர், தனக்கு என்ன வேணுமோ ஏத்திக்கலாம் இறக்கிக்கலாம்.

முதல் டியூன், 200 பிபிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு 200 பீட் வேகத்துல போற ஒரு ப்ளூஸ், நாங்க தூக்கத்துல கூட வாசிக்கக்கூடியது, அத 11 டேக் எடுத்தோம். ஸ்வரம் தப்பே இல்ல. ஆனா 11லயும் ஸ்விங், ஜாஸோட அந்த ஆடற லயம், இல்ல. கேட்டா அஞ்சு பேர் அஞ்சு ஊர்ல இருந்து வாசிச்சு அனுப்பின மாதிரி இருந்துச்சு. சாயங்காலம் டிரம்ஸ் தம்பி ஸ்டிக்க கீழ வெச்சுட்டு, "அண்ணா, நான் சரியாத்தான் வாசிக்கறேன், ஆனா யாரோட வாசிக்கறேன்னு தெரியல"ன்னான். இந்த ஆல்பத்துல வந்த எல்லாப் பிரச்சினைக்கும் காரணத்தை அவன் அந்த ஒரு வரில சொல்லிட்டான், எனக்குத்தான் அது புரிய மூணு வாரம் ஆச்சு.

முதல்ல நான் சந்தேகப்பட்டது லேட்டன்சியை, அதாவது வாசிச்சது காதுக்கு வந்து சேர ஆகற தாமதத்தை. கம்ப்யூட்டர் வழியா சுத்தி வந்து ஹெட்ஃபோன்ல கேக்கற மாதிரி செட் பண்ணியிருந்தேன், 48 கிலோஹெர்ட்ஸ்ல பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைல எடுத்துக்கற அளவு, 256 சாம்பிள். உள்ள போக 5 மில்லிசெகண்ட் சொச்சம், வெளிய வர அதே அளவு, கன்வெர்ட்டரோடது கொஞ்சம், மொத்தம் 12 கிட்ட. 200 பிபிஎம்ல ஒரு பீட் 300 மில்லிசெகண்ட், அத மூணாப் பிரிச்ச ஒரு ட்ரிப்லெட் 100. ரைட் சிம்பலும் பேஸும் ஒட்டியிருக்கா இல்ல இழுக்குதான்னு நாம உணர்றதெல்லாம் பத்து இருபது மில்லிசெகண்ட் விஷயம்தான், அதனால 12ங்கறத சும்மா விட முடியாது. அதுலயும் ஊதறவங்களுக்கு ரொம்ப மோசம், அவங்க சத்தம் எலும்பு வழியா உடனே கேட்டுடும், காதுல இன்னொரு தடவை தாமதமா வரும், ரெண்டும் மோதி தன் டோனே தனக்கு வேற மாதிரி கேக்கும். ரெண்டாம் நாள் காலைல இண்டர்ஃபேஸ்ல, அதாவது மைக்கைக் கம்ப்யூட்டரோட இணைக்கற பெட்டில, கம்ப்யூட்டரைச் சுத்தாம நேரா கேக்கற டைரக்ட் மானிட்டரிங் போட்டு அந்தத் தாமதத்தை எடுத்துட்டோம். கொஞ்சம் பரவால்ல, ஆனா உயிர் வரல. மதியம் க்ளிக்கையும் நிறுத்திட்டோம். டெம்போ மூச்சு விட ஆரம்பிச்சுது, அவ்வளவுதான்.

உண்மையான காரணம் வேற ஒரு ஒப்பீட்டுல தெரிஞ்சுது. அதே ப்ளூஸை ஒரு சாதாரண பயிற்சி ராத்திரில ஃபோன்ல பதிவு பண்ணி வெச்சிருந்தேன். அந்த ஃபோன் பதிவுல பேஸ் சோலோ ஆரம்பிக்கற இடத்துல டிரம்ஸோட லெவல் கிட்டத்தட்ட 9 டெசிபல் கீழ இறங்குது, பியானோ ரெண்டு கோரஸுக்கு, அதாவது டியூன் ரெண்டு சுத்து வர்ற வரைக்கும், கையையே எடுத்துடுது. செஷன் டேக்ல அதே இடத்துல டிரம்ஸ் இறங்கினது 2 டெசிபல். ஏன்னு கேட்டப்ப தம்பி சொன்ன பதில் ரொம்ப நேர்மையானது. பேஸ் கேக்கலன்னதும் அவன் மிக்ஸர்ல என் குமிழை ஏத்திட்டான், கேட்டுச்சு, அதனால வாசிப்பைக் குறைக்க வேண்டிய அவசியமே வரல.

இத நான் நல்லா அழுத்திச் சொல்ல நினைக்கறேன். ஒரு ஜாஸ் குழுவோட மிக்ஸ் அந்த அறைக்குள்ளயே நடந்து முடிஞ்சிருது, ஒருத்தர் சோலோ எடுக்கறப்ப மத்த நாலு பேரும் இடம் விடறதுதான் அந்த மிக்ஸ். ஆளுக்கொரு வால்யூம் குமிழைக் கையில குடுத்தா அந்த வேலைய குமிழ் எடுத்துக்குது, இடம் விடற பழக்கம் அந்த நிமிஷமே நின்னுடுது. ஆறு வருஷமா நாங்க கத்துக்கிட்ட ஒரே விஷயம் அதுதான், அதத்தான் முதல் வார இறுதில வாசல்லயே கழட்டி வெச்சுட்டு உள்ள போயிருக்கோம். ரெண்டு நாள் பதிவையும் தூக்கிப் போட்டோம்.

ரெண்டாவது தடவை

அஞ்சு வாரம் கழிச்சு மறுபடி. இந்தத் தடவை ஒரே அறை, சுமார் 9 மீட்டருக்கு 6 மீட்டர், மரத் தரை, ஒரு பக்கம் கனமான திரை. ஹெட்ஃபோன் யாருக்கும் கிடையாது. ப்ளீட், அதாவது ஒருத்தர் மைக்குல இன்னொருத்தர் சத்தம் போய் விழறது, வரட்டும், ஆனா நல்ல ப்ளீடா வரட்டும்னு முடிவு பண்ணோம். வீட்டு ஹால்ல பதிவு பண்ணா வீட்டு ஹால் மாதிரிதான் கேக்கும்னு ஒரு பயம் எங்களுக்கு இருந்துச்சு, அதுக்குப் பதில் ரெக்கார்டிங் இன்ஜினியர் ரூடி வான் கெல்டர்கிட்ட இருக்கு. 1950கள்ல ஜாஸ் உலகம் கொண்டாடற எத்தனையோ பதிவுகளை அவர் பண்ணது நியூ ஜெர்சி ஹாக்கன்சாக்ல அவரோட அப்பா அம்மா வீட்டு ஹால்லதான், பகல்ல கண் பரிசோதனை வேலை, மிச்ச நேரத்துல ரெக்கார்டிங். 1959லதான் எங்கிள்வுட் கிளிஃப்ஸ்ல தனி ஸ்டூடியோவுக்குப் போனார். ஹால் சின்னதா இருக்கறதுனால பதிவு கெட்டுப் போறதில்ல, எல்லாம் யார் எங்க நிக்கறாங்க, மைக் யாரைப் பார்க்குதுங்கறதுல இருக்கு.

எங்க இண்டர்ஃபேஸ்ல எட்டு சேனல். அந்த எண்ணிக்கைதான் மொத்த அமைப்பையும் தீர்மானிச்சுது. டிரம்ஸுக்கு மூணு, அதுல ரெண்டு ஓவர்ஹெட், அதாவது டிரம்ஸுக்கு மேல தொங்கற மைக், ஒண்ணு கிக் டிரம்முக்கு. பியானோவுக்கு ரெண்டு. பேஸுக்கு ஒரு மைக், ஒரு டிஐ. ஏழு போச்சு. மிச்சம் ஒரே ஒரு சேனல், ஊத வேண்டியவங்க ரெண்டு பேர்.

அதுக்கு ஃபிகர்-8 ரிப்பன் மைக் ஒண்ணு வெச்சோம். அது முன்னாலயும் பின்னாலயும் ஒரே மாதிரி கேக்கும், ரெண்டு பக்கவாட்டுலயும் செவிடு. சாக்ஸ் ஒரு பக்கம், ட்ரம்பெட் எதிர்ப்பக்கம், ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டு நின்னாங்க, மைக்கோட செவிட்டுப் பக்கத்தை டிரம்ஸ் பக்கம் திருப்பியாச்சு. சுவர்ல பட்டுத் திரும்பி வர்ற டிரம்ஸ் சத்தம் வரத்தான் செய்யும், நேரா வர்றது நல்லாக் குறைஞ்சுடும். இனி ட்ரம்பெட்டுக்கும் சாக்ஸுக்கும் நடுவுல பேலன்ஸ் பண்ண, லெவலை ஏத்தி இறக்கற ஃபேடர் எதுவும் இல்ல, காலடிதான் ஃபேடர். சாக்ஸ் 55 செ.மீ. தூரத்துல, ட்ரம்பெட் 90ல, தூரம் ரெட்டிப்பானா சுமார் 6 டெசிபல் குறையும்ங்கற கணக்குல ஆரம்பிச்சு காதால சரி பண்ணோம். தரையில மூணு கலர் டேப் ஒட்டினோம். வெள்ளை வழக்கமான இடம், பச்சை சோலோவுக்கு அரை அடி முன்னால, சிவப்பு, ட்ரம்பெட் வாயில சத்தத்தை அடக்கற ஹார்மன் ம்யூட் போட்டு வாசிக்கறப்ப மைக்கை ஒட்டி 25 செ.மீ. ட்ரம்பெட் சார் தன் நோட்ஸ் ஷீட்ல பார் (தாளச் சுற்று) எண்ணுக்கு மேலயே வெ, ப, சின்னு எழுதி வெச்சுக்கிட்டார். ரெண்டு நாளும் அவர் கால் வேலை செஞ்ச நேர்த்தியைப் பார்த்துக்கிட்டே நான் வாசிச்சேன்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனா மைக்கையே காப்பாத்தற விஷயம். பல இண்டர்ஃபேஸ்ல, மைக்குக்குக் கேபிள் வழியா போற 48 வோல்ட் ஃபேன்டம் பவர் நாலு நாலு சேனலாத்தான் ஆன் ஆகும். பழைய ரிப்பன் மைக்குக்கு அந்தக் கரண்ட் போனா கெட்டுப் போக வாய்ப்பு உண்டு. அதனால அந்தக் கரண்ட் தேவைப்படற கண்டென்சர் மைக் நாலும், அதாவது ஓவர்ஹெட் ரெண்டு, பியானோ ரெண்டு, முதல் நாலு சேனல்ல. கிக், பேஸ் மைக் ரெண்டும் டைனமிக், பேஸ் டிஐ பாஸிவ், கூடவே ரிப்பன், இவை அடுத்த நாலுல, அங்க ஃபேன்டம் ஆஃப்.

ஓவர்ஹெட் ரெண்டும் ஸ்நேர் டிரம்ல இருந்து ஒரே தூரத்துல இருக்கணும்னு நூல் வெச்சு அளந்தோம், இல்லன்னா ஸ்நேர் ரெண்டு காதுக்கும் வேற வேற நேரத்துல போய்ச் சேர்ந்து மெலிஞ்சு கேக்கும். பேஸ் மைக் பிரிட்ஜுக்கு முன்னால 30 செ.மீ. தள்ளி இருந்துச்சு. ஒலி செகண்டுக்கு சுமார் 343 மீட்டர் போகும், அப்ப மைக் சத்தம் டிஐயை விட 0.9 மில்லிசெகண்ட் பிந்தி வரும், 48 கிலோஹெர்ட்ஸ்ல அது 42 சாம்பிள். பிறகு திரையில வேவ்ஃபார்மை பெருசாக்கிப் பார்த்தப்ப கிட்டத்தட்ட அதே இடைவெளி கண்ணுக்குத் தெரிஞ்சுது. டிஐயை அந்த அளவு பின்னால நகர்த்தினதும், அதுவரைக்கும் அட்டைப் பெட்டில தட்டின மாதிரி இருந்த பேஸ் மரமா மாறிடுச்சு. மொத்த மிக்ஸிங்லயும் எனக்கு அதிக சந்தோஷம் குடுத்த நிமிஷம் அது.

வாசிப்பைப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணும் இல்ல, ஏன்னா அது நடந்துச்சு. முதல் டேக்லயே பேஸ் சோலோ வந்ததும் தம்பி பிரஷ்ஷுக்கு மாறிட்டான், அக்கா பியானோல கையை எடுத்துட்டாங்க. ஒரு டியூனுக்கு மூணு டேக்குக்கு மேல கிடையாதுன்னு விதி வெச்சிருந்தோம், எட்டு டியூனும் ரெண்டு நாள்ல முடிஞ்சுது.

எந்த டேக்

பத்து நாள் யாரும் எதையும் கேக்கக்கூடாதுன்னு வெச்சோம். அப்புறம் டேக் நம்பரை மறைச்சு, அ, ஆ, இன்னு பேர் போட்டு எல்லாருக்கும் அனுப்பினேன். ஓட்டு வந்துச்சு. ஆளுக்கொரு டேக். யார் எதத் தேர்ந்தெடுத்தாங்கன்னு பார்த்தா, அவங்கவங்க சோலோ நல்லா வந்த டேக்கை அவங்கவங்க எடுத்திருக்கோம், நானும்தான். பியானோ அக்காதான் அத உடைச்சாங்க. "உங்க சோலோ எப்படி இருக்குன்னு உங்களுக்கு ஏற்கனவே தெரியும் தம்பி, அத விட்டுட்டு மத்தவங்க சோலோவுக்கு அடியில நீங்க என்ன பண்றீங்கன்னு மட்டும் கேட்டுட்டு மறுபடி ஓட்டுப் போடுங்க"ன்னாங்க. ரெண்டாவது ஓட்டுல எட்டுல ஆறு டியூனுக்கு எல்லாரும் ஒரே டேக்குல வந்து நின்னோம்.

அப்படித் தேர்ந்த டேக் ஒண்ணுல, சரியா 2:41ல, ட்ரம்பெட் மேல ஏறற ஒரு ஸ்வரம் பிசிறிடுது. முதல் தடவை கேட்டப்ப சார் அந்த டேக்கே வேணாம்னார். ஆனா அந்தப் பிசிறைக் கேட்டதும் தம்பி ஸ்நேர் விளிம்புல ஒரு ரிம்ஷாட் வெச்சு பதில் சொல்றான், அதக் கேட்டு சார் அதே இடத்துக்குத் திரும்பிப் போய் இந்தத் தடவை சுத்தமா பிடிக்கறார். மூணு பாருக்குள்ள நடக்குது. வேற எந்த டேக்லயும் அது இல்ல. பதிவுல விட்டுட்டோம்.

ப்ளீட் இருக்கறதால ஒருத்தரை மட்டும் வெட்டித் திருத்த முடியாது, வெட்டினா எட்டு சேனலையும் சேர்த்து ஒரே இடத்துலதான் வெட்டணும். அதுவும் க்ளிக் இல்லாத டேக்குகளுக்கு நடுவுல சேராது. ஒரு டியூன் 184 பிபிஎம்ல ஆரம்பிச்சு 191ல முடிஞ்சிருந்துச்சு, காதுக்கு அது தப்பாவே தெரியல, ஆனா இன்னொரு டேக்கோட நடுப்பகுதிய அதுல ஒட்டப் பார்த்தா தடுக்குது.

இதுல நாங்க இழந்தது ஒரு பாலட், அதாவது மெதுவா போற டியூன். அதோட முதல் பாதி காலை டேக்ல அருமை, பின் பாதி ராத்திரி டேக்ல அருமை. ரெண்டும் ஒரே வேகம், ஒட்டினேன், ஒட்டின இடம் கேக்கவே இல்ல, ஆனா ஏதோ ஒண்ணு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. ட்யூனர் வெச்சுப் பார்த்தா ராத்திரி டேக்ல சாக்ஸ் மேல ஏறியிருக்கு. அறை சூடாகச் சூடாக காத்து வாத்தியம் மேல போகும், ஒரு டிகிரிக்கு அதிகபட்சம் 3 சென்ட்ஸ்னு (ஒரு சென்ட்னா அரை ஸ்வரத்துல நூறுல ஒரு பங்கு) கணக்கு, வாசிக்கறவர் மூச்சே குழாயைச் சூடாக்கறதால நடைமுறைல அதவிடக் கம்மி. பியானோ அது கூடப் போகாது, காலைல ட்யூன் பண்ணதுல நின்னுக்கிட்டு, ஈரப்பதம் மாறினா தன் வழில போகும். நாள் பூரா மெதுவா நடந்ததால எங்க யார் காதுக்கும் படல.

இவ்வளவு சின்ன வித்தியாசம் யாருக்குத் தெரியப்போகுதுன்னு ஒரு பேச்சு வந்துச்சு. ட்ரம்பெட் வாசிச்ச மைல்ஸ் டேவிஸ் 1959ல கொலம்பியா லேபிளுக்குப் பண்ண 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்துல மார்ச் 2 செஷனோட டேப் மெஷின் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கு, அதனால முதல் பக்கம் முழுக்க கால் ஸ்வரத்துக்கும் குறைவா மேல ஏறிக் கேட்டுச்சு, 1992 மறுவெளியீடு வரைக்கும் அப்படியே இருந்துச்சு. ரெக்கார்டோட சேர்ந்து வாசிச்சுப் பழகினவங்களுக்கு அது இடிச்சுது. சேர்ந்து வாசிச்சுப் பார்க்கற ஆளுங்களுக்காகத்தான் நாங்களும் இதப் பண்றோம், அதனால பாலட்டை ஆல்பத்துல இருந்து எடுத்துட்டோம்.

கேக்காம விட்ட கேள்வி

இப்ப நாங்க பண்ணதுலயே பெரிய தப்பு. பதிவு பண்ண எட்டுல மூணு ஸ்டாண்டர்ட், அதாவது வேறவங்க எழுதி ஜாஸ்காரங்க எல்லாரும் வாசிக்கற பாட்டு. உரிமை விஷயத்தை மிக்ஸிங் முடிஞ்சதும் பார்த்துக்கலாம்னு விட்டுட்டோம்.

ஒரு பதிவுல ரெண்டு உரிமை இருக்கு. பாட்டை எழுதினவரோடது ஒண்ணு, அந்த ஒலிப்பதிவுக்கானது இன்னொண்ணு. ரெண்டாவது எங்களோடது. முதலாவது எங்களோடது இல்ல. நாமளே வாசிச்சாலும், சிடி அடிக்கவும் ஃபைலா விக்கவும் பாட்டு உரிமைக்காரங்களுக்குப் பணம் கட்டி மெக்கானிக்கல் லைசென்ஸ் வாங்கணும், ஸ்ட்ரீமிங்ல அது எப்படி நடக்கும்ங்கறது நாட்டுக்கு நாடு மாறும். அமெரிக்கச் சட்டத்துல ஏற்கனவே பதிவாகி வெளிவந்த பாட்டுக்குக் கட்டாய லைசென்ஸ் உண்டு, நம்ம பாணிக்கு ஏத்தபடி அரேஞ்ச் பண்ணிக்கலாம், ஆனா அடிப்படை மெலடியையோ குணத்தையோ மாத்தக்கூடாது. பழைய பாட்டுதானேன்னு விடவும் முடியாது. அமெரிக்காவுல 1930ல வெளியான பாட்டு 2026 ஜனவரி 1ல தான் பொதுச் சொத்தாகுது. இறப்புக்குப் பிறகு 70 வருஷம்னு கணக்கு வைக்கற நாடுகள்ல எழுதினவர் எத்தனை பேர், கடைசியா செத்தது யாருன்னு பார்க்கணும். ஜார்ஜ் கெர்ஷ்வின் 1937ல போயிட்டார், பாட்டு வரி எழுதின அண்ணன் ஐரா 1983 வரைக்கும் இருந்தார், ரெண்டு பேரும் சேர்ந்து எழுதினதுக்கு ஐரோப்பால ஐரா செத்த வருஷத்துல இருந்துதான் எண்ணணும்.

எங்க மூணுல ரெண்டு சுலபமா முடிஞ்சுது. மூணாவது பாட்டோட உரிமை மூணு பப்ளிஷர்கிட்ட பங்கா பிரிஞ்சு கிடந்துச்சு, ரெண்டு பேர் பதில் போட்டாங்க, ஒருத்தர்கிட்ட இருந்து ஏழு வாரமா ஒண்ணும் வரல. அப்பத்தான் சாக்ஸ் தம்பி ஒரு வழி சொன்னான். பொதுவா மெலடிக்கு அடியில போற கார்டு (chord) வரிசைக்கு மட்டும் தனியா உரிமை கிடையாது, மெலடிக்குத்தான். பீபாப்ங்கற ஜாஸ் பாணி ஆளுங்க 1940கள்ல இதத்தானே பண்ணாங்க, ஏற்கனவே இருக்கற பாட்டோட கார்டு மேல புது ஹெட், அதாவது தொடக்கத்துலயும் முடிவுலயும் வர்ற மெலடி, எழுதி, பழைய பாட்டுக்குப் பணம் கட்டாம சொந்தப் பாட்டா பதிவு பண்ணாங்க. கெர்ஷ்வினோட 1930 பாட்டு ஒண்ணுல இருந்து வந்த ரிதம் சேஞ்சஸ்ங்கற கார்டு வரிசை மேல மட்டும் எத்தனை டியூன் இருக்குன்னு ஜாஸ் வாசிக்கற எல்லாருக்கும் தெரியும். பத்து நாள்ல அவன் ஒரு ஹெட் எழுதிக்கொண்டு வந்தான். நல்ல ஹெட், பழைய பாட்டை நினைவுபடுத்தவே இல்ல.

பதிவான டேக்ல இருக்கற சோலோ எல்லாம் எங்களோடது, அத வெச்சுக்கிட்டு முன்னாலயும் பின்னாலயும் ஹெட்டை மட்டும் புதுசா ஒட்டிடலாம்னு நினைச்சோம். முடியல. ப்ளீட் வேணும்னு நாங்க எடுத்த அதே முடிவு இங்க கதவைச் சாத்திடுச்சு, பழைய மெலடி எல்லா மைக்லயும் ஊறிப் போயிருக்கு, அத மட்டும் எடுக்க வழியில்ல. நாலு மாசம் கழிச்சு அரை நாள் மறுபடி கூடினோம். டேப் குறி, மைக் உயரம், நூல் அளவு எல்லாத்தையும் ஃபோட்டோ எடுத்து பேப்பர்ல எழுதி வெச்சிருந்ததால ஒரு மணி நேரத்துல அதே அமைப்பு வந்துடுச்சு. புது ஹெட்டை வாசிச்சு பழைய சோலோவோட ஒட்டிப் பார்த்தேன், இது 208, அது 203, பியானோ பிட்ச்சும் வேற. விட்டுட்டு முழு டியூனையும் புதுசா வாசிச்சோம். ரெண்டாவது டேக். ஆல்பத்துல சிறந்த டிராக் அதுதான்னு எங்க அஞ்சு பேருக்குமே எண்ணம்.

பதிவுக்கு முன்னாடியே பட்டியலைக் கையில வெச்சுக்கிட்டு உரிமை யார்கிட்டன்னு தேடியிருந்தா அந்த நாலு மாசம் மிஞ்சியிருக்கும். எல்லாரும் ஒரே அறையில உக்காந்து வாசிக்கப் போறவங்க இந்த வேலைய கட்டாயம் முதல்ல முடிக்கணும், ஏன்னா பிறகு ஒரு துண்டைக் கூட மாத்த முடியாது.

மிக்ஸ், மாஸ்டர்

ஓவர்ஹெட் ரெண்டையும் முதல்ல ஏத்தினேன், அதுலயே அறை முழுக்க இருந்துச்சு, மத்த மைக்கெல்லாம் அதுக்கு உதவியா மட்டும். எக்கோ எதுவும் சேர்க்கல. என் முதல் மிக்ஸ்ல பேஸ் 3 டெசிபல் அதிகம், அக்கா ரெண்டாவது நிமிஷத்துலயே பிடிச்சுட்டாங்க. 1953 மே 15 டொராண்டோ மாஸி ஹால் கச்சேரி டேப்புல பேஸ் சரியா விழலன்னு அதுல பேஸ் வாசிச்ச சார்லஸ் மிங்கஸ் பிறகு ஸ்டூடியோல உக்காந்து தன் பேஸை மேல வாசிச்சுச் சேர்த்து, தானும் சீலியா மிங்கஸும் மாக்ஸ் ரோச்சும் 1952ல ஆரம்பிச்ச டெபியூ ரெக்கார்ட்ஸ்ல வெளியிட்டார். அவர் குறைஞ்சதச் சேர்த்தார், நான் போதுமானதுக்கு மேல போயிட்டேன். குறைச்சேன்.

மாஸ்டரிங்ல, அதாவது வெளியிடறதுக்கு முன்னாடி ஒலியைக் கடைசியா சரி பண்ற கட்டத்துல, சண்டை வால்யூம் பத்தி. ஸ்பாட்டிஃபை வழக்கமான செட்டிங்ல மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ் (சராசரி சத்தத்தை அளக்கற அலகு) அளவுக்குச் சமப்படுத்தும், அதவிட சத்தமான மாஸ்டரை இறக்கிடும், அதனால அமுக்கி அமுக்கிச் சத்தம் கூட்டறதுல லாபம் இல்ல. நாங்க மைனஸ் 17 கிட்ட, பீக் மைனஸ் 1ல நிறுத்தினோம். மத்தவங்க பாட்டுக்கு நடுவுல வந்தா எங்களோடது கொஞ்சம் சின்னதாக் கேக்கும், தெரிஞ்சேதான் விட்டோம். 9 டெசிபல் கீழ இறங்கறதுக்காகத்தான் ஹெட்ஃபோனையே கழட்டினோம், அத மாஸ்டரிங்ல நிரவிட்டா என்ன மிஞ்சும்?

வெளியீடு

ஒவ்வொரு டிராக்குக்கும் 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி, அதாவது அந்தப் பதிவை அடையாளம் காட்டற கோடு, மொத்த ஆல்பத்துக்கு ஒரு பார்கோடு. ஒரே பதிவை எங்க ஏத்தினாலும் கோடு மாறக்கூடாது, புது டேக்குன்னா புதுக் கோடு. விநியோகம் பண்ண சேவை எங்க ஆல்பத்தை எங்க பேர்லயே இருக்கற வேற ஒரு குழுவோட பக்கத்துல கொண்டு போய் வெச்சிடுச்சு, அது சரியாகறதுக்கு ரெண்டு வாரம் ஆச்சு. பேர் வைக்கறதுக்கு முன்னாடி அதே பேர்ல வேற யாராவது இருக்காங்களான்னு எல்லாத் தளத்துலயும் தேடிப் பாருங்க. ஸ்பாட்டிஃபைல பிளேலிஸ்ட் ஆசிரியர்களுக்கு அனுப்ப ரிலீஸுக்குக் குறைஞ்சது ஏழு நாள் முன்னாடி ஏத்தியிருக்கணும், நாங்க ஆறு வாரம் விட்டதால அந்தக் குழப்பத்துக்கு அப்புறமும் நேரம் இருந்துச்சு.

2024ல இருந்து ஸ்பாட்டிஃபைல ஒரு டிராக் 12 மாசத்துல 1000 தடவை ஓடினாத்தான் காசு கணக்குல வரும். எங்க ஏழுல மூணுதான் அதைத் தாண்டுச்சு. இசைக்காரங்க நேரா விக்கற தளமான பேண்ட்கேம்ப்ல ஃபைல் விற்பனைல அவங்க பங்கு 15 சதவீதம், அங்க வாங்கினவங்க கம்மி, ஆனா வாங்கின ஒவ்வொருத்தரும் முழு ஆல்பத்தையும் வாங்கினாங்க. சிடி 200 அடிச்சோம். ஜாஸ் கலைஞர் சன் ராவும் ஆல்டன் ஆபிரகாமும் நடத்தின எல் சாட்டர்ன் லேபிள்ல அட்டையைக் கையால வரைஞ்சு விப்பாங்க, அந்த ஆசையில நாங்களும் வெத்து அட்டை வாங்கி ரப்பர் ஸ்டாம்ப் போட்டு, உள்ள யார் என்ன வாசிச்சாங்க, எந்த டியூன் யாரோடது, எந்த மைக் எங்க இருந்துச்சுன்னு முழுசா அச்சடிச்சோம். நூத்தி அறுபது போயிடுச்சு, பெரும்பாலும் வாசிச்சு முடிச்ச ராத்திரிகள்ல நேர்ல வந்து வாங்கினவங்க. அதுல ஒரு ட்ரம்பெட் வாசிக்கற பொண்ணு ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி வந்து, 2:41ல வர்றத வேணும்னேதான் பண்ணீங்களா சார்னு கேட்டா. சார் இல்லம்மா, பிசிறிடுச்சுன்னு சொல்லிட்டு, அப்புறம் அந்த மூணு பாரையும் அவளுக்கு வாசிச்சுக் காட்டினார்.

வந்த பணம் அஞ்சு சம பங்கு, யார் டியூன் எழுதினாங்களோ அந்தப் பாட்டு உரிமை மட்டும் அவங்களோடது, இத ரெக்கார்டிங்குக்கு முன்னாடியே ஒரு பக்கத்துல எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தோம். அளவு எழுதின பேப்பர் அதே ஃபைல்ல இருக்கு. அடுத்த பதிவுக்கு அதுல மூணு மாத்தம் குறிச்சிருக்கோம். பியானோ மூடியை இன்னும் கொஞ்சம் தாழ்த்தணும், பேஸ் மைக் 30ல இருந்து 22 செ.மீ.க்கு வரணும், ட்ரம்பெட்டோட வெள்ளை டேப் அரை அடி பின்னால போகணும். ஸ்டாண்டர்ட் பட்டியல் ரெண்டுதான், ரெண்டுக்கும் உரிமை யார்கிட்டன்னு எழுதியாச்சு.